அடைக்கோழியும் அடங்காத கூட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய்த் தாமான் என்கிற வீடமைப்பு எழும்பிவிட்ட ஓர் ஓரத்தில் எங்கள் வீடு. பின்னால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் இன்னமும் செம்பனைதான். கொல்லையில் 23 உருப்படி: நாட்டுக்கோழி 11, முட்டைப் பண்ணையில் கழித்துவிட்ட பென்சன் கோழி 6, செராமா 3, ஒரு பட்டுக்கோழி, இரண்டு செராத்தி வாத்து. 2022 ஜூன் 1-ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்ததே, அந்த வருஷம்தான் எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு கூண்டு முளைத்தது. கூண்டு வந்த ஆறாம் மாதம் எல்லாரும் வேலி ஓரம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலில் அதுவே.

அக்கா, கோழி இரண்டு நாளாகப் பெட்டியை விட்டு எழவில்லை. நோயா, அடையா?

வயிற்றுக்கு அடியில் மெதுவாகக் கையை நீட்டிப் பாருங்கள். அடைக்கோழி என்றால் உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஓர் உறுமல் உறுமி, கையைக் கொத்தும். நோய்க்கோழிக்குக் கொத்தத் தெம்பு இருக்காது. கண் பாதி மூடியிருக்கும், இறக்கை தொங்கும். அடைக்கோழியின் நெஞ்சில் கை பட்டால் இறகு உதிர்ந்த வெறும் தோல் சூடாகத் தட்டுப்படும். முட்டைக்கு நேராகச் சூடு இறங்கட்டும் என்று அங்கே இறகை உதிர்த்துவிடும்.

இன்னொரு அடையாளம் எச்சம். நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கும். இறங்கியதும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை போடும். அந்த நாற்றம் மூக்கில் ஏறிய பிறகு யாரும் சந்தேகம் கேட்டு வந்ததில்லை. இரவிலும் மற்ற கோழிகளோடு கம்பில் ஏறாமல் பெட்டியிலேயே கிடந்தால், அது அடைதான். உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுவதால் வருகிற மாற்றம் இது. பிடிவாதமும் இல்லை, பேயும் இல்லை.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முட்டை உள்ளே சிக்கிக்கொண்ட கோழியும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆனால் அது வாலைத் தூக்கித் தூக்கி முக்கும், நின்றால் நிமிர்ந்து தள்ளாடும். அதை அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

எல்லாக் கோழியும் அடைக்கு உட்காருமா?

உட்காராது. பென்சன் கோழி உட்காருவது அபூர்வம். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அந்தக் குணத்தையே கழற்றிவிட்டார்கள். நாட்டுக்கோழி ஒரு சுற்று முட்டையிட்டு முடித்ததும் உட்காரும். பட்டுக்கோழிக்கு அதுதான் முழுநேர வேலை, ஒரு கல்லைக் கொடுத்தாலும் காக்கும். கிளந்தானில் உருவான நம் செராமா அரைக் கிலோகூட இருக்காது, ஆனால் அடைக்கு உட்கார்ந்துவிட்டால் ராணி மாதிரி. என்ன ஒன்று, அதன் வயிற்றுக்கு அடியில் தன் முட்டை நாலைந்து, நாட்டுக்கோழி முட்டை என்றால் இரண்டு மூன்றுக்கு மேல் அடங்காது.

சேவல் இல்லாத வீட்டிலும் அடைக்கு உட்காருமா?

உட்காரும். குஞ்சுதான் வராது.

வைக்கலாமா, கலைக்கலாமா?

இதில் நான் கறாராகச் சொல்வேன். இரண்டாம் இரவுக்குள் முடிவெடுங்கள். எங்கள் வரிசையில் நடக்கிற தப்பெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று பத்து நாள் விடுவது, முட்டையை மட்டும் தினமும் உருவிக்கொள்வது, அப்புறம் மனசு கேட்காமல் பன்னிரண்டாம் நாள் முட்டை வைப்பது. அதற்குள் கோழி பாதி இளைத்திருக்கும். அதற்கு மேல் இன்னும் 21 நாள் என்றால் எங்கே தாங்கும்?

கணக்கு இதுதான். அடை 21 நாள். அதற்குப் பிறகு குஞ்சோடு சுற்றுவது ஆறிலிருந்து எட்டு வாரம். ஆக, அந்தக் கோழியிடமிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் முட்டை கிடையாது. முட்டைதான் வேண்டும் என்றால் உடனே கலையுங்கள். குஞ்சு வேண்டும், தனி இடமும் இருக்கிறது என்றால் வையுங்கள். பொரிக்கிற குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும், அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தாமான் வீட்டில் நாலு சேவல் விடியுமுன் கூவினால் பக்கத்து வீட்டு மனிதர் எத்தனை நாள் சிரிப்பார்?

கலைப்பது எப்படி? தண்ணீரில் முக்கலாமா?

அம்மா தோட்டத்து லயத்து வீட்டில் இரண்டு வைத்தியம் செய்வார். ஒன்று, கோழியை வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது. இன்னொன்று, அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்குத் துவாரத்தில் செருகிவிடுவது. மூக்கில் இறகோடு அந்தக் கோழி தலையை உதறி உதறி ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோழிக்கு அது வதை. கலைந்ததா என்றால், சில நேரம் கலைந்தது, சில நேரம் சாயங்காலமே இறகோடு போய்ப் பெட்டியில் உட்கார்ந்தது. இரண்டையும் நான் விட்டுவிட்டேன்.

அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு, துணி எதுவும் வேண்டாம், தீனியும் தண்ணீரும் மட்டும். வயிற்றுக்கு அடியில் காற்று ஓட வேண்டும், அந்தச் சூடு தணிந்தால்தான் புத்தி மாறும். நிழலாக இருக்கட்டும், மற்ற கோழிகள் கண்ணில் படட்டும். மூன்று நாளில் திறந்துவிட்டுப் பாருங்கள். மண்ணைக் கிளறப் போனால் கலைந்துவிட்டது. நேராகப் பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் உள்ளே. முதல் நாளே கூண்டில் போட்டால் சீக்கிரம் கலையும். வாரக்கணக்கில் உட்கார்ந்ததைக் கலைக்க நாளாகும். கலைந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் திரும்பவும் முட்டையிடும்.

அடைக்கோழியின் பெட்டியிலேயே மற்றதெல்லாம் போய் முட்டையிடுகிறதே?

கலந்து வளர்க்கும் வீட்டில் உண்மையான தலைவலி இதுதான். அடைக்கோழியால் வருகிற தொல்லையைவிட அதைச் சுற்றியிருக்கும் கூட்டத்தால் வருகிறது பெரிது.

என் முதல் அடையை இப்படித்தான் நாசம் செய்தேன். எண்ணிப் பத்து முட்டை வைத்துவிட்டு, பொதுப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். அந்தப் பெட்டிமேல் எல்லாவற்றுக்கும் ஆசை. காலையில் பென்சன் கோழி வந்து அடைக்கோழியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். அடைக்கோழி அதையும் அலகால் உருட்டி உள்ளே தள்ளிக்கொள்ளும். பதினைந்தாம் நாள் எண்ணினால் 19 முட்டை. நெஞ்சுக்கு அடியில் அத்தனை அடங்குமா? ஓரத்தில் கிடக்கிறது குளிரும், நாளைக்கு அது நடுவுக்குப் போகும், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வரும். சுழற்சியில் எல்லாமே கெட்டது. மூன்று குஞ்சுதான் தேறியது. அந்த மூன்றும் வந்த மறுநாள் தாய் எழுந்து போய்விட்டது. பாதி வளர்ந்த கருவோடு மிச்ச முட்டை அங்கேயே கிடந்தது. ஒன்று வெடித்தும் வைத்தது. கூமுட்டை வெடித்த கூண்டைக் கழுவியவர்களுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். முதலாவது, வைக்கிற முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுற்றிக் கோடு. மார்க்கர் பேனா வேண்டாம், ஓட்டில் நுண்துளை இருக்கிறது, மை உள்ளே இறங்கும். கோடில்லாத முட்டை அன்றன்றைக்கே சமையலறைக்கு வந்துவிடும். இரண்டாவது, இடம் மாற்றுவது. இருட்டிய பிறகு, விளக்குப் போடாமல், இரண்டு கையாலும் கோழியைத் தூக்கித் தனி இடத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய டயருக்குள் காய்ந்த லாலாங் புல்லைத் திணித்து அதில் உட்கார வைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்துவிடுங்கள். பகலில் மாற்றினால் எழுந்து பழைய இடத்துக்கே ஓடும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் முட்டையோ கோல்ப் பந்தோ வைத்துப் பாருங்கள். நிலைத்து உட்கார்ந்த பிறகு உண்மையான முட்டை.

கடை முட்டை பொரிக்குமா? எத்தனை வைப்பது?

சூப்பர்மார்க்கெட் தட்டு முட்டை பொரிக்காது, அந்தப் பண்ணையில் சேவலே இல்லை. உங்கள் கொல்லை முட்டை, அல்லது சேவல் ஓடுகிற வீட்டு முட்டை வேண்டும். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். நம் வெயிலில் அடுக்களை மேடையில் பத்து நாள் கிடந்த முட்டையை நான் நம்பமாட்டேன், சூட்டிலேயே கரு அரைகுறையாக எழும்பி அடங்கிவிடும். வீட்டில் எது குளிர்ந்த மூலையோ அங்கே, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்துச் சேருங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், அதைத் தின்றுவிடுங்கள். நடுத்தர நாட்டுக்கோழிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும், இன்றைக்கு நாலு நாளைக்கு மூன்று என்று வைத்தால் என் 19 முட்டைக் கதைதான்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்கிறார்களே?

அம்மா காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பேர் கொடுத்து வேலைக்கு இறங்க, போகுமுன் அடைக்கூடையில் ஓர் இரும்புத்துண்டு, ஒரு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டுவிட்டுத்தான் போவார். எங்கள் பக்கம் சாயங்காலம் ஆனால் இடிதான். இடி முட்டையைக் கெடுக்கும் என்றால் பேராக் மாநிலத்தில் ஒரு குஞ்சும் பிறந்திருக்காது. கெடுப்பது இடியோடு வருகிற மழை, ஒழுகுகிற கூரை, நனைந்த வைக்கோல். கூரையைப் பாருங்கள். நானும் ஓர் ஆணி போடுகிறேன், அம்மாவுக்காக.

அந்த 21 நாளும் நான் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை, காலையோ மாலையோ, கூடையைத் தூக்குங்கள். தானாக எழாவிட்டால் இறக்கை இரண்டையும் அணைத்து எடுத்து வெளியே விடுங்கள். எடுக்குமுன் இறக்கை இடுக்கில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், இல்லையென்றால் தூக்கும்போது விழுந்து உடையும். தின்று, குடித்து, அந்த நாற்ற உருண்டையைப் போட்டு, மண்ணில் புரண்டு, கால்மணியிலிருந்து அரைமணிக்குள் அதுவே திரும்பிவிடும். ஒரு மணிநேரம் ஆனாலும் நம் ஊர்ச் சூட்டில் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

ஏழாம் நாள் இரவு கைத்தொலைபேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். கரு பிடித்திருந்தால் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு ஓடும், நடுவில் ஒரு புள்ளி ஆடும். என் பேரப்பிள்ளைகள் இதற்காகவே தூங்காமல் காத்திருப்பார்கள். வெறும் மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் கரு இல்லை, எடுத்துவிடுங்கள். பதினான்காம் நாள் இன்னொரு தடவை. பதினெட்டுக்கு மேல் தொடவே தொடாதீர்கள். ஓட்டில் முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், அந்தக் குஞ்சு பிழைக்காது.

பேன் விஷயத்தில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. ஒரே இடத்தில் மூன்று வாரம் அசையாமல் உட்கார்ந்தால் பேனுக்கும் உண்ணிக்கும் திருவிழா. உண்ணி இரவில் ஏறி ரத்தம் குடித்துக் கோழியை உட்கார்ந்த இடத்திலேயே கொன்றுவிடும். தூக்கிய பிறகு உங்கள் கை குறுகுறுத்தால் வந்துவிட்டது என்று பொருள். புல்லை எரித்துவிட்டுப் புதிது போடுங்கள், மரப்பெட்டி என்றால் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள், புரள்வதற்குக் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு தொட்டி வையுங்கள்.

வாத்து முட்டையைக் கோழிக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கோழி முட்டையோடு கலந்து வைக்காதீர்கள். சாதாரண வாத்துக்கு 28 நாள், செராத்திக்கு 35 நாள். கோழிக்குஞ்சு 21-இல் வந்ததும் தாய் எழுந்து போய்விடும். வாத்து முட்டை மட்டும் என்றால், அத்தனை நாள் தாங்குகிற கனமான கோழியாகப் பாருங்கள், தீனியைக் கூட்டுங்கள். உண்மையைச் சொன்னால் செராத்திப் பெட்டையே தன் முட்டையை நன்றாகக் காக்கும், அதற்கு ஏன் இன்னொருத்தி?

நான் ஒரு தடவை வைத்தேன். ஆறு வாத்துக்குஞ்சு. ஐந்தாம் நாள் மழை பெய்து ஓய்ந்ததும் ஆறும் வரிசையாக வீட்டுக்கு முன்னால் இருக்கிற லோங்காங்கில், அந்தக் கால்வாயில், இறங்கிவிட்டன. கோழி கரையோரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்திக்கொண்டே ஓடியது. உள்ளே ஒரு காலை வைத்துப் பார்த்தது, எடுத்துவிட்டது. குஞ்சுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வலைக்கூடையோடு லோங்காங்கில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அந்தக் கோழிக்கு இன்னொரு தடவை வாத்து முட்டை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு கோழி ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டால்?

ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாமல் தனித்தனியாக வையுங்கள். ஒரே பெட்டியில் இரண்டும் முட்டையைத் திருடிக்கொண்டே இருக்கும், குஞ்சு வந்ததும் சண்டை வரும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இன்னொன்றைக் கலையுங்கள்.

கடையில் வாங்கிய ஒருநாள் குஞ்சைச் சேர்த்துவிடலாமா?

கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். குஞ்சு வயது ஒன்றிரண்டு நாளைத் தாண்டக் கூடாது. இரவில் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சை வயிற்றுக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழையுங்கள். விடியுமுன் எழுந்து போய்ப் பாருங்கள். கொக்கொக்கென்று மெல்லக் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது. கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள், “பழகிவிடும்” என்று விட்டால் மண்டையில் காயத்தோடுதான் எடுப்பீர்கள்.

குஞ்சோடு தாயைக் கூட்டத்தில் எப்போது விடுவது?

முதல் ஒரு வாரம் விடாதீர்கள். வலைக்குள் இருக்கட்டும், மற்றவை வெளியிலிருந்து பார்த்துப் பழகட்டும். நாட்டுச் சேவல் பெரும்பாலும் குஞ்சை ஒன்றும் செய்யாது. எனக்குப் பயம் பென்சன் கோழிகளிடம். வாழ்நாள் முழுக்கக் கம்பிக்கூண்டில் இருந்தவை, குஞ்சு என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது, தீனி என்று நினைத்துக் கொத்தும். ஆண் செராத்தியையும் கவனியுங்கள். கனமான மிருகம், கோழிமேல் ஏறினால் கோழிக்கு இடுப்பு போய்விடும். இரண்டாம் வாரம், சாயங்காலம் அரைமணிநேரம், நீங்கள் அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு திறந்துவிடுங்கள்.

தீனியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச்சத்து 3.5-லிருந்து 4 சதவீதம். குஞ்சுக்கு வேண்டியது ஒரு சதவீதம்தான். மிச்சமெல்லாம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாம் கலந்து மேயும் கொல்லையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு வைத்துக் காவல் காக்க முடியாது. ஆகவே குஞ்சுத் தீனியையே எல்லாவற்றுக்கும் போடுங்கள். முட்டையிடுகிறவற்றுக்குச் சிப்பி ஓட்டை நொறுக்கி உயரமான தட்டில் வையுங்கள், குஞ்சுக்கு எட்டாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் குஞ்சு மூழ்கும். வாத்து அந்தத் தட்டிலும் நீந்தப் பார்த்துத் தரையைச் சேறாக்கும். ஈரத்தரையில் வளர்வது ரத்தக்கழிச்சல், மூன்று நான்கு வாரக் குஞ்சை வரிசையாகக் கொண்டுபோகும். தரையைக் காய வையுங்கள்.

முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு விடுகிற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து உண்டு, மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே நாளில் பல கோழி செத்து விழுந்தாலும் அங்கேதான் சொல்ல வேண்டும், புதைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருக்கக் கூடாது. 2004-இல் கிளந்தானிலும் 2007-இல் சிலாங்கூர் பாயா ஜாராசிலும் பறவைக் காய்ச்சல் வந்தது நம் மாதிரிக் கம்பத்துக் கோழிகளில்தான்.

பாம்பு, மூசாங் (மரநாய்), உடும்பு?

மூன்றும் உண்டு. செம்பனையில் எலி, எலிக்குப் பாம்பு, பாம்புக்கு நம் கூண்டு பக்கத்து வீடு. தரையில் ஒற்றைக் கூடையில் உட்கார்ந்திருக்கும் அடைக்கோழி ஆபத்து வந்தாலும் எழுந்து ஓடாது, அதனால் அதைத்தான் முதலில் பிடிக்கும். கோழிவலை போதாது, அந்த ஓட்டையில் குட்டிப் பாம்பு தாராளமாக நுழையும். அரை அங்குலச் சதுரக் கம்பிவலை போடுங்கள், மேலேயும் சேர்த்து. உடும்பு பகலில் வரும், முட்டைக்காகத் தோண்டும், அதனால் வலையை ஒரு சாண் மண்ணுக்குள் புதையுங்கள். தோட்டத்தில் எலிக்காகப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது நம் கட்சி.

கூண்டுக்குள் கையை விடுமுன் விளக்கடித்துப் பாருங்கள். ஒரு தடவை கோழியின் உறுமல் என்று நினைத்துக் கையை நீட்டினேன். சீறியது கோழி இல்லை, பெட்டிக்குப் பின்னால் சுருண்டிருந்த நாகம். அடிக்கப் போகாதீர்கள். தள்ளி நின்று 999-ஐக் கூப்பிடுங்கள், பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்பு நிலையமோ ஆள் அனுப்பும்.

செம்பனைக்குள் காட்டுக்கோழி முட்டை கிடைத்தது. அடைக்கு வைக்கலாமா?

வேண்டாம். காட்டுக்கோழி 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நேற்றுவரை இறக்கைக்குள் வைத்திருந்த தாய் இன்றைக்குக் குஞ்சுகளைக் கொத்தித் துரத்துகிறதே?

ஆறு வாரம் ஆகியிருக்கும், எண்ணிப் பாருங்கள். வெளுத்திருந்த கொண்டை திரும்பவும் சிவந்திருந்தால் அடுத்த சுற்று முட்டைக்குத் தயாராகிறது. குஞ்சுகளைப் பிரிக்க வேண்டியதில்லை, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரியும். அன்றைக்கு இரவு தாய் தனியாகக் கம்பில் ஏறிவிடும். குஞ்சுகள் கீழே நின்று கழுத்தை நீட்டிக் கத்தும். இரண்டு மூன்று தாவிப் பார்த்து விழும். தாழ்வாக இன்னொரு கம்பு கட்டி, ஏற முடியாதவற்றை நீங்களே தூக்கி வையுங்கள். மூன்று இரவு வைத்தால் போதும், நாலாம் இரவு அவையே ஏறிக்கொள்ளும்.